எல்.எல்.எம். எங்கே படிப்பது? தரவரிசைக்கு முன் கேட்க வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ முதுநிலைத் தேர்வு நடக்கிறது. முடிவு வெளியானதும் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை நிரப்பியாக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் முதலில், எது அடுத்து, எது கடைசி என்று மாணவரே வரிசைப்படுத்த வேண்டிய இடம் அது. அந்த வேளையில் பலரும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையையோ, பயிற்சி மையம் கொடுத்த பட்டியலையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் பெயர்களை இறக்கிவிடுகிறார்கள். எந்தத் துறை, யாரிடம், எந்தத் தலைப்பில் ஆய்வேடு என்பதையெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதுநிலைச் சட்டப் படிப்பைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. ஆய்வுக் கேள்வி முதலில் வர வேண்டும். அந்தக் கேள்விக்கு வழிகாட்டக்கூடிய ஆசிரியர் அடுத்து. அவர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்கும் பிறகுதான். இளநிலைப் படிப்புக்குக் கல்லூரி தேடும்போது இப்படிச் சொல்ல முடியாது. எல்.எல்.எம். படிப்புக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

காரணம், இந்தப் பட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. எல்.எல்.பி. முடித்தவர் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய எல்.எல்.எம். தேவையில்லை. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதவும் தேவையில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அதற்கு வேண்டியது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம்தான். மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர் தன் பெயர்ப்பலகையில் சிறப்பு மருத்துவர் என்று எழுதிக்கொள்ளலாம். வழக்கறிஞர் அப்படிச் செய்ய முடியாது. இன்ன துறையில் வல்லுநர் என்று பலகையில் குறிப்பிடுவதையே பார் கவுன்சில் விதிகளின் 36-ஆவது விதி தடுக்கிறது. எல்.எல்.எம். கட்டாயமாகும் பெரிய இடம் ஒன்றே ஒன்று, கற்பித்தல். முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணோடு ‘நெட்’ அல்லது ‘செட்’ தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் இருந்தால்தான் உதவிப் பேராசிரியர் ஆகலாம். ஆகவே, பட்டச் சான்றிதழ் என்கிற தாள் தானாகத் திறந்துவிடும் கதவுகள் மிகக் குறைவு. இந்தப் படிப்பில் ஒருவர் உண்மையாகப் பெறுவது, ஒரு சட்டத் துறையை ஆழ்ந்து படித்த அறிவும், அதை வைத்து எழுதிய ஆய்வேடும், அந்த ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்தவரின் நட்பும்தான். இவை மூன்றும் கிடைக்காத இடம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தாலும், மாணவருக்கு அது வீண்.

இதோடு காலக் கணக்கும் சேர்கிறது. நம் நாட்டில் எல்.எல்.எம். நெடுங்காலம் இரண்டாண்டுப் படிப்பாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி, 2013 வாக்கில் ஓராண்டு எல்.எல்.எம். வந்தது. ஆய்வு முறைகள், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும் என மூன்று கட்டாயத் தாள்கள், அவற்றோடு விருப்பத் தாள்கள், கடைசியில் ஆய்வேடு. தேர்வு நாட்களையும் விடுமுறையையும் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஒன்பது, பத்து மாதங்கள். ஐந்தாண்டு இளநிலைப் படிப்பில் ஓர் ஆசிரியர் சரியில்லை என்றாலும் அந்தக் குறையை வேறு வழிகளில் ஈடுகட்ட முடியும். மாதிரி நீதிமன்றப் போட்டிகள் உண்டு, மூத்த மாணவர்கள் உண்டு, ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி உண்டு. நிறுவனத்தின் பெயருக்கு இருக்கும் வலிமை இப்படி மெல்ல மெல்லத்தான் மாணவரிடம் வந்து சேர்கிறது. ஓராண்டுப் படிப்பில் அதற்கு அவகாசமே இல்லை. வழிகாட்டி யார் என்பது முடிவாகவே இரண்டாம் பருவம் வந்துவிட்டால், தலைப்பைச் செப்பனிடும் நேரத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதி வந்துவிடும்.

தரவரிசை எதை அளக்கிறது என்று பார்த்தால் இந்தப் பொருத்தமின்மை இன்னும் தெளிவாகும். சட்டக் கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2018 முதல் வெளியாகிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி அதில் தொடர்ந்து முதலிடம் பெற்றுவருகிறது. கற்றல், கற்பித்தல் வளங்களுக்கு 30 சதவீதம், ஆய்வுக்கும் தொழில்முறைப் பணிக்கும் 30, பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20, அனைவரையும் உள்ளடக்குவதற்கு 10, சக கல்வியாளர்கள், வேலை தருவோரின் மதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண்கள் பிரிகின்றன. இவை அனைத்தும் நிறுவனம் முழுவதற்குமானவை. இளநிலை மாணவர்களும் அவர்களுக்கான வசதிகளுமே அந்தக் கணக்கில் பெரும்பகுதி. தொழிலாளர் சட்டத்தில் எல்.எல்.எம். படிக்க எந்த இடம் நல்லது, சுற்றுச்சூழல் சட்டத்துக்கு எது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை. அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே பலரும் புரட்டும் யு.எஸ். நியூஸ் பட்டியல் சட்டப் பள்ளிகளை ஜே.டி. என்னும் முதல் சட்டப் பட்டத்தை வைத்தே வரிசைப்படுத்துகிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகாரம் தருவதும் ஜே.டி. படிப்புக்கு மட்டும்தான், எல்.எல்.எம். படிப்பின் தரத்துக்கு அந்த அங்கீகாரம் பொருந்தாது. வெளிநாட்டு மாணவர் பலரும் போய்ச் சேரும் படிப்பை, அவர்கள் நம்பிப் போகும் பட்டியல் அளக்கவே இல்லை.

நுழைவுத் தேர்வும் இந்தக் குறையைப் போக்குவதில்லை. ‘கிளாட்’ முதுநிலைத் தேர்வில் 120 கொள்குறி வினாக்கள், 120 நிமிடங்கள்; தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். தீர்ப்புகளிலிருந்து ஒரு பகுதியைத் தந்து, அதையொட்டிச் சட்டப்பிரிவையும் முன்தீர்ப்பையும் கேட்கிறார்கள். சட்ட அறிவையும் நினைவாற்றலையும் சோதிக்க இது போதும். ஆனால், ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்கு ஆதாரம் திரட்டி, பத்துப் பக்கம் கோவையாக எழுத இந்த மாணவரால் முடியுமா என்பது இதில் தெரியாது. எல்.எல்.எம். படிப்பில் அவர் செய்யப்போகும் முக்கிய வேலையே அதுதான். இந்தத் தேர்வில் பெற்ற தரவரிசை எண், மேலே சொன்ன நிறுவனத் தரவரிசையோடு பொருத்தப்படுகிறது. இரண்டிலும் மாணவரின் ஆய்வு ஆர்வத்துக்கு இடமில்லை. இரண்டாயிரத்துச் சொச்சமாவது இடம் பெற்றவர் தனக்கு விருப்பமில்லாத துறையில், அந்தத் துறைக்கு ஆசிரியரே இல்லாத பல்கலைக்கழகத்தில் சேர்வது இப்படித்தான் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மாணவி ஒருவர் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் உரிமையைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறார் என்று வைப்போம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை, அதையடுத்து 1892-இல் பிறந்த அரசாணை, வருவாய் வாரிய நிலையாணைகள், அவற்றின் நிபந்தனைகளை மீறி நடந்த விற்பனைகள், அவை பற்றிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் என்று அவர் படிக்க வேண்டியவை ஏராளம். அறிக்கையும் அரசாணையும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் இன்று அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஆவணம் வட்டாட்சியர் அலுவலகத்து ‘ஏ’ பதிவேடும் அடங்கலும்தான். சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புப் பத்தியில், தமிழில் எழுதப்பட்ட ஓரிரு சொற்களில் ஒரு குடும்பத்தின் உரிமை அடங்கியிருக்கும். உட்பிரிவு செய்யும்போது அந்தச் சொற்கள் விடுபட்டிருக்கலாம். விடுபட்ட ஆண்டு எது என்பதே வழக்கின் முடிவை மாற்றும். இந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரியாத வழிகாட்டி, மாணவி சரியாகப் படித்திருக்கிறாரா என்று எப்படிச் சரிபார்ப்பார்? இந்த ஆய்வுக்கு ஏற்ற இடம் எழும்பூர் ஆவணக் காப்பகமும் உயர் நீதிமன்றமும் நடந்தும் பேருந்திலும் போய்வரும் தொலைவில் இருக்கும் சென்னை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமோ, சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையோ இந்தத் தலைப்புக்கு, தேசியப் பட்டியலில் முன்னணியில் நிற்கும் வெளிமாநில நிறுவனத்தைவிட மேலானதாக இருக்க முடியும். வெளிநாடு போவதானால் லண்டன் பொருந்தும். பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களின் பெருந்தொகுப்பு இருக்கிறது. அதே மாணவி ஹார்வர்டு போனால் இந்தத் தலைப்பைக் கைவிட வேண்டியிருக்கும்.

இன்னொரு துறை கப்பல் சட்டம். கடல்சார் உரிமைகோரல்களுக்காகக் கப்பலைச் சிறைப்பிடிக்க உத்தரவிடும் அதிகாரம் பிரிட்டிஷ் காலம் தொட்டே கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களுக்கு இருந்தது. 1840, 1861, 1890 என்று பழைய பிரிட்டிஷ் சட்டங்களை நம்பியே இருந்த இந்தத் துறைக்கு 2017-இல்தான் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று மூன்று பெரும் துறைமுகங்கள் உள்ள மாநிலத்தில் இதைக் கற்றவருக்கு வேலை நிச்சயம் உண்டு. இதைக் கற்க உலகப் பொதுப் பட்டியலில் முதல் பத்து இடங்களைப் பார்த்துப் பயனில்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன், வேல்ஸில் சுவான்சி, அமெரிக்காவில் டுலேன், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1988-இல் மால்டாவில் தொடங்கிய நிறுவனம் ஆகியவையே இந்தத் துறையில் பெயர்பெற்றவை. நம் ஊரில் இந்தப் பெயர்களைச் சொன்னால் உறவினர்களுக்கு வியப்பு வராது. சரக்குக் கப்பல் வழக்கு நடத்தும் வழக்கறிஞருக்கு அவற்றின் மதிப்பு தெரியும்.

வழிகாட்டியின் முக்கியத்துவத்துக்கு நம் நாட்டு அறிவுலக வரலாற்றிலேயே வலுவான சான்று இருக்கிறது. அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையால். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் அங்கே பொதுநிதித் துறையில் பேர்பெற்ற எட்வின் செலிக்மனிடம் அவர் படித்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் செலிக்மன்தான். பின்னர் லண்டன் பொருளியல் பள்ளியில் எட்வின் கேனனின் கீழ் ரூபாயின் சிக்கலைப் பற்றி எழுதிய ஆய்வு 1923-இல் நூலானது. அதன் முன்னுரையில் கேனன், அம்பேத்கரின் வாதங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஆய்வின் கூர்மையைப் பாராட்டுகிறார். தன்னோடு முரண்படும் மாணவரின் நூலுக்கு முன்னுரை எழுதும் ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு! அது பொருளியல், நூறாண்டுக்கு முந்தைய கதை. ஆனாலும் ஆய்வுப் பட்டம் ஒன்றில் மாணவருக்கு எது கிடைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஆசிரியர் நிலையானவர் அல்ல என்பதும் இதே வாதத்தின் மறுபக்கம். லண்டன் எஸ்.ஓ.ஏ.எஸ். நிறுவனத்தில் இந்து சட்ட அறிஞர் டங்கன் டெரெட் பல ஆண்டுகள் கற்பித்தார். அதனால் இந்தியச் சட்டம் என்றாலே அந்த நிறுவனத்தின் பெயர் பேசப்பட்டது. அவர் ஓய்வுபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு துறையில் ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் புகழ், அதை ஈட்டித் தந்தவர் போன பிறகும் நெடுங்காலம் நிலைத்திருக்கும். இந்தியாவிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கிடையே பேராசிரியர்கள் இடம் மாறுவது சகஜம். துணைவேந்தராகி வேறு மாநிலம் போவோரும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது வரும் கல்வியாண்டில் அங்கே யார் இருப்பார் என்பதை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் படித்த மூத்த மாணவரின் சொல், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இதற்குப் போதாது.

“பெயர்தானே கதவைத் திறக்கிறது? ஆய்வேட்டை யார் படிக்கப்போகிறார்கள்?” என்று கேட்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா என்ற பெயர்கள் விண்ணப்பத்தில் இருந்தால் முதல் சுற்றில் கவனிக்கப்படும். ஆனால் பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருவது முதன்மையாக ஐந்தாண்டு மாணவர்களுக்காக. அந்த நிறுவனங்களுக்கு அந்த மாணவர்களை மூன்றாம், நான்காம் ஆண்டிலிருந்தே பயிற்சிக்கு எடுத்துப் பார்த்துப் பழக்கம். அதே வளாகத்தில் ஓராண்டுக்கு வந்துபோகும் எல்.எல்.எம். மாணவருக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. கற்பித்தல் பணிக்குப் போவோருக்கோ நிலைமை வேறு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது, பணியிடங்கள் சட்டத் துறை வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. சான்றிதழில் எந்தக் கிளை என்று தெளிவாக இருக்க வேண்டும். கிளை குறிப்பிடாத பொது எல்.எல்.எம். பட்டத்தோடு வருபவர், தான் படித்த விருப்பத் தாள்களைக் காட்டித் தகுதியை நிறுவ வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம். இரண்டாண்டு மாநிலப் பல்கலைக்கழகப் பட்டத்தில் வணிகச் சட்டம், குற்றவியல், அரசமைப்புச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை என்று கிளை வெளிப்படையாக இருக்கும். ஆசிரியப் பணியே குறிக்கோள் என்றால், பெயரைவிடக் கிளை முக்கியம்.

மாநிலப் பல்கலைக்கழகங்களைப் புகழ்வது இதன் நோக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றின் குறைகள் கண்கூடு. நிரப்பப்படாத பணியிடங்கள், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் வகுப்புகள், சந்தா கட்டாததால் நின்றுபோகும் இணையத் தரவுத்தளங்கள், கடைசி மாதத்தில் அவசரமாகத் தட்டச்சுசெய்து கட்டும் ஆய்வேடுகள் என்று பட்டியல் நீளும். ஆனால் கட்டணம் ஆயிரங்களில் அடங்குகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் அது லட்சங்களில் போகிறது. இரண்டாண்டுக் காலம் இருப்பதால், நல்ல வழிகாட்டி அமைந்தால், ஆய்வை நிதானமாகச் செய்ய முடியும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ‘கிளாட்’ வழியில் சேர்வோருக்கு உள்ளூரிலேயே ஒரு வாய்ப்பு. இவற்றில் எது மேல் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. ஒரே மாணவருக்கே, அவர் தலைப்பு மாறினால் விடையும் மாறும்.

இன்னொரு தடை, தகவல். “ஓர் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது சேர்வதற்கு முன் எப்படித் தெரியும்? தரவரிசையாவது வெளிப்படையாக இருக்கிறதே!” என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் தேடினால் கிடைப்பது நிறைய. அந்த ஆசிரியர் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைச் சட்ட இதழ்களில் பார்க்கலாம். அவர் வழிகாட்டிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இருக்கும். ஒன்றைத் திறந்து முதல் அத்தியாயத்தையும் துணைநூற் பட்டியலையும் மட்டும் படித்தாலே, வழிகாட்டி படித்துத் திருத்தினாரா, கையெழுத்து மட்டும் போட்டாரா என்பது புரிந்துவிடும். அடுத்து, பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கையேட்டில் 20 விருப்பத் தாள்கள் அச்சிட்டிருப்பார்கள். போன ஆண்டு உண்மையில் நடந்தவை ஐந்தோ ஆறோ இருக்கும். எவை நடந்தன, ஓர் ஆசிரியருக்கு எத்தனை ஆய்வேடுகள் ஒதுக்கப்பட்டன, வழிகாட்டியை எந்த மாதத்தில் தருகிறார்கள் என்று கேட்பது மாணவரின் உரிமை. பதில் வரும் விதமே அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லும். அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்து, “உங்கள் வழிகாட்டி உங்கள் வரைவைத் திருப்பித் தந்தபோது அதில் எத்தனை இடங்களில் குறிப்பு எழுதியிருந்தார்?” என்று கேட்டுப் பாருங்கள். நூறு பேர் போடும் நட்சத்திர மதிப்பீட்டைவிட அந்த ஒரு பதில் பயனுள்ளது.

இருபத்திரண்டு வயதில் ஆய்வுக் கேள்வி எங்கே இருக்கும் என்ற ஐயமும் எழும். இல்லை என்றால், அது தள்ளிப்போடுவதற்கான காரணம். படிப்பு முடிந்த கையோடு எல்.எல்.எம். சேர்வது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. வேலை உறுதியாகாத ஓர் ஆண்டை நிரப்பும் இடமாகவே பல வீடுகளில் இதைப் பார்க்கிறார்கள். இரண்டு ஆண்டு நீதிமன்றத்திலோ, தொழிற்சங்கத்திலோ, சட்ட உதவி மையத்திலோ வேலைபார்த்தவருக்குக் கேள்விகள் தாமாக வந்து சேரும். தொழிலாளர் நீதிமன்றத்தில் பணிநீக்க வழக்கு ஒன்று ஏன் எட்டாண்டு கிடந்தது என்று பார்த்தவர், நடைமுறைச் சட்டத்தைப் பற்றி எழுதுவதும், அதைப் பார்க்காதவர் எழுதுவதும் ஒன்றாக இருக்காது. நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றாகிவிட்ட பிறகு, முதலில் தொழில், பிறகு மேற்படிப்பு என்ற வரிசைக்கு இப்போது நடைமுறைக் காரணமும் சேர்ந்திருக்கிறது.

வெளிநாட்டுப் படிப்பில் இந்த எச்சரிக்கைகள் பன்மடங்கு கூடும், காரணம் பணம். லண்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து அரைக் கோடி ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்காவில் அதற்கும் மேல். வீட்டை அடமானம் வைத்துப் போகும் மாணவர் முதலில் அறிய வேண்டியது, அந்தப் பட்டம் அங்கே வழக்காடும் உரிமையைத் தானாகத் தருவதில்லை என்பதை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்.க்யூ.ஈ. என்ற தனித் தேர்வு இருக்கிறது, அதற்கும் எல்.எல்.எம். படிப்புக்கும் தொடர்பில்லை. நியூயார்க் வழக்கறிஞர் தேர்வு எழுத எல்.எல்.எம். வழியை நாடுவோர் குறைந்தது 24 கிரெடிட் முடிக்க வேண்டும். தொழில் நெறி, சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட முறை ஆகியவற்றில் குறிப்பிட்ட தாள்கள் அவற்றில் இருக்க வேண்டும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், படித்த பிறகு தேர்வு எழுத முடியாது. படிப்பின் அமைப்பும் இடத்துக்கு இடம் வேறு. ஆக்ஸ்போர்டின் பி.சி.எல். பெயரில் இளநிலை என்றிருந்தாலும் முதுநிலைத் தரத்தது. பாடமும் தேர்வும்தான் அதன் உயிர். அறக்கட்டளைச் சட்டம், ஒப்பந்தச் சட்டக் கோட்பாடு போன்றவற்றை அடிவேர் வரை கற்க அதைவிட நல்ல இடம் அரிது. ஆனால் ஆய்வேடு எழுதுவதே நோக்கம் என்றால் அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வரிச் சட்ட எல்.எல்.எம். புகழ்பெற்றது, அது அமெரிக்க வரிச் சட்டத்தைக் கற்றுத்தருவது. சென்னை வருமான வரித் தீர்ப்பாயத்தில் வாதாடப்போகிறவருக்கு அதில் எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து கற்பிக்க நினைப்போருக்கு அங்கீகாரச் சிக்கலும் இருக்கிறது. பார் கவுன்சில் 2020-ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு எல்.எல்.எம். முறையையே ஒழிக்க முனைந்தன. வெளிநாட்டு ஓராண்டுப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்கு இணையாகக் கருதவும் மறுத்தன. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2021-22 கல்வியாண்டில் அவ்விதிகளை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று கவுன்சில் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஓராண்டுப் படிப்பு இன்றும் தொடர்கிறது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைமை வழங்க யு.ஜி.சி. 2025-இல் கொண்டுவந்த விதிகள், சட்டம் போலத் தனிக் கவுன்சில் உள்ள படிப்புகளுக்குப் பொருந்துவதில்லை. அதே ஆண்டு, ஒப்புதல் இல்லாத இணையவழி, தொலைநிலை ‘எக்ஸிகியூட்டிவ்’ எல்.எல்.எம். படிப்புகளை ஏற்க முடியாது என்று பார் கவுன்சில் எச்சரித்திருக்கிறது. வார இறுதியில் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டும் முன், உதவிப் பேராசிரியர் பணிக்கோ முனைவர் பட்டத்துக்கோ அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

வசதியற்ற மாணவருக்கு இந்தத் தேர்வுச் சுதந்திரம் எல்லாம் எங்கே இருக்கிறது என்பதே எல்லா மறுப்புகளிலும் கனமானது. உதவித்தொகை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவதுதான் அவரால் முடியும். அதனால்தான் உதவித்தொகை விதிகளைப் பற்றியும் நாம் பேச வேண்டும். பட்டியலினத்தவர் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள்தான். பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையின் முதல் ஐந்நூறில் இருக்க வேண்டும் என்று அதன் விதி கேட்கிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு வெளிநாடு போக அந்த உதவி கிடையாது என்று 2022-இல் ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. பஞ்சமி நிலத்தைப் பற்றி லண்டன் ஆவணங்களில் ஆராய விரும்பும் மாணவிக்கு, அந்தப் பிரச்சினையால் பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்தே அவர் வந்திருந்தாலும், இந்த விதி குறுக்கே நிற்கிறது. இது அநீதி. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமாவது தரவரிசையைத் தள்ளிவைத்து, துறைக்கும் தலைப்புக்கும் பல்கலைக்கழகம் பொருந்துகிறதா என்பதை அளவுகோலாக ஏற்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கடந்த மூன்றாண்டுகளில் நடந்த விருப்பத் தாள்கள், எல்.எல்.எம். ஆய்வேடுகளின் தலைப்புகள், ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் வழிகாட்டியவரின் பெயர், வரும் ஆண்டில் மாணவர் எடுக்கக்கூடிய ஆசிரியர்களின் பட்டியல் ஆகிய நான்கையும் கலந்தாய்வுக்கு முன்பே இணையதளத்தில் வெளியிடுவதில் அவற்றுக்கு எந்தச் செலவும் இல்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இதை அனைத்து உறுப்பு நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். நம் மாநிலச் சட்டப் பல்கலைக்கழகம் அதற்குக் காத்திராமல் வரும் சேர்க்கையிலேயே தொடங்கலாம். அதுவரை, விருப்பப் பட்டியலை நிரப்ப உட்காரும் மாணவர்களே, பெயர்களை இறக்குவதற்கு முன் நீங்கள் யாரிடம் படிக்க விரும்புகிறீர்களோ அந்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.